போவதும் அனுப்பப்படுவதும்

மொழிபெயர்ப்பாளர்கள் ஊர்ப் பெயர்களை மொழிபெயர்ப்பதில்லை. லக்னோ தமிழிலும் லக்னோதான். இந்த விதியை நான் ஒரே ஒரு முறை மீறியிருக்கிறேன். உத்தரப் பிரதேச அரசியல்வாதி ஒருவரின் பேட்டியைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். தன் போட்டியாளரைப் பற்றி, "அவரை ஆக்ராவுக்கு அனுப்பினால்தான் சரிப்படும்" என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியே போட்டால் தாஜ்மகால் பார்க்க அனுப்புகிறார் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். சற்று யோசித்துவிட்டு, "கீழ்ப்பாக்கத்துக்கு" என்று எழுதினேன். ஆசிரியர் குழுவில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். இந்திக்காரர்களுக்கு ஆக்ரா, கிழக்கே போனால் ராஞ்சி. தெலுங்கர்களுக்கு ஹைதராபாத்தின் எர்ரகட்டா. மலையாளிகளில் தெற்கத்திக்காரர் ஊளம்பாறை என்பார், வடக்கத்திக்காரர் குதிரவட்டம் என்பார். மராட்டியர்களுக்குத் தாணே. ஆக்ரா மனநல மருத்துவமனை 1859இல் வந்தது. ராஞ்சியில் ஐரோப்பியர்களுக்கென்றே கட்டப்பட்டது 1918இல் வந்தது. நதிநீரில் ஒத்துப்போகாத மாநிலங்கள்கூட, மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரை வசைச்சொல் ஆக்குவதில் ஒத்துப்போகின்றன.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இந்த ஊர்ப் பெயர்களோடு எல்லா மொழிகளிலும் ஒட்டிக்கொண்டு வரும் வினைச்சொல் ஒன்றுதான்: 'அனுப்புவது'. யாரும் கீழ்ப்பாக்கத்துக்குப் போவதில்லை, அனுப்பப்படுகிறார்கள். பூட்டு, சங்கிலி, உறவினர் கூட்டம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

கடந்த சில வருடங்களாக டெல்லியில் என்னைச் சுற்றி வேறொரு வினைச்சொல் கேட்கிறது. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடியாது, தெரபிக்குப் போறேன்" என்று அலுவலகத்தில் ஒரு பெண் சாதாரணமாகச் சொல்கிறாள், பல் டாக்டரிடம் போவதைப் போல. மருந்தும் ஊசியும் இல்லாத, பேச்சு மட்டுமே ஆன சிகிச்சை அது. அனுப்பப்படுகிற இடத்துக்கு இவர்கள் ஏன் தாமாகவே போகிறார்கள்?

தெரிந்தவர்களைக் கேட்டுப் பார்த்தேன். முதல் காரணம் உடம்பு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வங்கி அதிகாரி. நெஞ்சை அடைக்கிறது என்று மூன்று முறை ஈ.சி.ஜி., ஒரு முறை ஆஞ்சியோகிராம். எதிலும் ஒன்றுமில்லை. வட இந்தியாவில் இதற்கு உடனடி விளக்கம் ஒன்று உண்டு: கேஸ் தலைக்கு ஏறிவிட்டது. அவரும் ஒரு வருடம் ஓமத் தண்ணீர் குடித்தார். கடைசியில் இதய நிபுணரே, "உங்கள் இதயத்தில் எனக்கு வேலை இல்லை, வேறு ஒருவரைப் பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாராம். நம் மொழிகளில் துக்கம் உடம்பில்தான் குடியிருக்கிறது. தமிழில் வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு கனக்கிறது. இந்தியில் 'கப்ராஹட்' என்ற ஒரே சொல்லுக்குள் படபடப்பும் பயமும் சேர்ந்தே அடங்கும். மனம் என்று தனியாக ஓர் உறுப்பு இருப்பதாக நாம் நம்புவதில்லை. அதனால் அதற்கு வலி வந்தால் அக்கம்பக்கத்து உறுப்புகள் பொறுப்பேற்றுக்கொள்கின்றன.

இரண்டாவது காரணம், அடுத்தவர். என் அடுக்ககத்தில் ஒரு தாய், ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மகனை அழைத்துக்கொண்டு போனார். பையன் அறைக்கதவைத் தாழிட்டுக்கொள்கிறான், சாப்பிட வருவதில்லை என்பது புகார். கவுன்சலர் பையனை இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை, "நீங்கள் தனியாக வர முடியுமா?" என்று தாயைக் கேட்டார். பையன் இப்போது கல்லூரியில் இருக்கிறான். தாய் எட்டு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது காரணம், கோர்ட்டு. 1984ஆம் வருடக் குடும்ப நீதிமன்றச் சட்டம் கவுன்சலர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. இந்த நாட்டில் பலர் தம் வாழ்வில் முதன்முதலாக ஒரு கவுன்சலரின் எதிரே உட்காருவது விவாகரத்து வழக்கின் நடுவில்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் அனுப்பப்பட்டார், முறைத்துக்கொண்டே போனார். மணமுறிவு ஆனது. அதன் பிறகு வேறொருவரிடம் தானாகப் போனார். பிறவினை தன்வினையானதற்கு இதைவிட நல்ல உதாரணம் இலக்கணப் புத்தகத்தில் கிடைக்காது.

நான்காவது, சினிமா. 2015இல் நடிகை தீபிகா படுகோன் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அடுத்த வருடம் வந்த 'டியர் ஜிந்தகி' படத்தில் ஷாருக் கான் மனநல ஆலோசகராக வந்தார். குர்காவ்ன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி சொன்னாள்: "ஷாருக் கான் மாதிரி ஒருத்தர் கடற்கரையில் கூட்டிக்கொண்டு நடப்பார் என்று நினைத்துப் போனேன். அங்கே என் பெரியம்மா மாதிரி ஒருத்தர், மேசை விசிறியைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்." ஆனாலும் அவள் எழுந்து வந்துவிடவில்லை.

இவையெல்லாம் சொல்லப்படும் காரணங்கள். இந்தத் துறையில் நீண்ட காலம் இருக்கும் தோழி ஒருவர் சொல்கிறார்: "முதல் நாள் சொல்லும் காரணம் வாசலில் கழற்றிப் போடும் செருப்பு மாதிரி. உள்ளே வருவதற்கு அது வேண்டும். உள்ளே வந்த பிறகு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை."

அப்படியானால் உள்ளே இருக்கும் காரணம் என்ன? இங்கேதான் நம் ஊர்ப் பெரியவர்களின் நியாயமான கேள்வி ஒன்று குறுக்கிடுகிறது: "ஏன், வீட்டில் பேச ஆளில்லையா? அம்மா இல்லையா, அக்கா இல்லையா? காசு கொடுத்தா ஒருத்தரைக் கேட்க வைக்க வேண்டும்?"

எம்.ஏ. தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இந்த இடத்தில் வெறியாட்டு ஞாபகம் வருகிறது. சங்க அகப்பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி அது. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, உடம்பில் பசலை படர்கிறது. தாய் பதறிப்போய் வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு போட்டுப் பார்த்து, முருகனின் வேலை இது என்கிறான். ஆடு வெட்டப்படுகிறது. மகள் காதல்வயப்பட்டிருக்கிறாள் என்பது தோழிக்குத் தெரியும், வாசகருக்கும் தெரியும். தாய்க்கு மட்டும் தெரியாது. அவள் அன்பில்லாதவள் அல்ல. அந்த வீட்டிலேயே அதிகம் கலங்குகிறவள் அவள்தான். ஆனால் மகளின் நோய்க்குக் காரணம் தாயிடம் சொல்ல முடியாத ஒன்று. பிறகு தோழி துணிந்து 'அறத்தொடு நிற்கும்' போதுதான் விஷயம் வெளியே வருகிறது.

ஆள் இருக்கிறார்களா என்பதல்ல கேள்வி. இருக்கிற ஒவ்வொருவரும் அந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர் என்பதுதான் சிக்கல். கணவனைப் பற்றி அம்மாவிடம் சொன்னால் அம்மா அதை மறக்க மாட்டாள். நீங்கள் சமாதானமான பிறகும் அவள் மாப்பிள்ளையோடு பேச மாட்டாள். அண்ணனிடம் சொன்னால் கிளம்பி வந்துவிடுவான். தோழியிடம் சொன்னால், "எனக்கும் அப்படித்தான்டி" என்று தன் கதையைத் தொடங்குவாள். குடும்பத்தில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அது சொத்து மாதிரி. கைமாறும், பங்கு பிரிக்கப்படும், பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் திரும்பி வரும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

என் அப்பா மன்னார்குடிப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான் வேலை செய்யும் பத்திரிகையை வாராவாரம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார், சிவப்புப் பேனாவோடு. ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் தொலைபேசி வரும். "நாற்பத்திரண்டாம் பக்கம், ரெண்டாவது பத்தி. 'பற்றி கேட்டபோது'ன்னு போட்டிருக்கே. க் எங்கேம்மா?" வியாழக்கிழமை பக்கங்களை முடித்து அச்சுக்கு அனுப்பும் நாள் என்று நூறு முறை சொல்லியிருப்பேன். அவருக்கு அது காதில் ஏறியதில்லை. அல்லது அன்றைக்குத்தான் நான் கட்டாயம் இடத்தில் இருப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தார்.

2019 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, அதே நேரத்துக்கு மணி அடித்தது. தேர்தல் நேரம், நான்கு பக்கங்கள் பாக்கி. "அப்புறம் பேசறேம்பா" என்று வைத்துவிட்டேன். இருபது வினாடிகூட இருக்காது. மறுநாள் விடியற்காலையில் அம்மா கூப்பிட்டாள். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "நேத்து நான் கோயிலுக்குப் போயிருந்தேன். உங்கிட்டப் பேசினாராடி?" நான் சொன்னேன்: "பேசினார்மா. ரொம்ப நேரம் பேசினார்."

அந்தப் பொய் பதின்மூன்று நாளும் வீட்டில் நடமாடியது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா அதைச் சொன்னாள். "கடைசியா பொண்ணுகிட்ட ஆசைதீரப் பேசிட்டுத்தான் படுத்தார்." சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். அதைப் பார்த்துக்கொண்டு நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருப்பேன். தம்பி என் தோளைத் தொட்டு, "உனக்காவது அது கிடைச்சுதேக்கா" என்றான். இனி யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்க வேண்டும். தம்பியிடம் சொன்னால் அவனும் அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டும். கணவரிடம் சொன்னால், "இதிலென்ன இருக்கிறது, நீ வேலையில் இருந்தாய்" என்பார். எனக்குத் தேவைப்படாத மன்னிப்பு அது.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வந்தது கழுத்து வலி. எலும்பு மருத்துவர், பட்டை, ஸ்கேன், பிசியோதெரபி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. "என்றைக்கு அதிகமாக வலிக்கிறது?" என்று கேட்டார் மருத்துவர். வியாழக்கிழமை என்றேன். வேலைப் பளு என்று எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2021 கடைசியில், யாரும் அனுப்பாமல், நானாகவே ஒரு கவுன்சலரிடம் போனேன். வங்காளப் பெண்மணி, அறுபதை நெருங்குகிறவர். ஐம்பது நிமிடத்துக்கு 1,500 ரூபாய். முதல் நாள் கழுத்து வலியைப் பற்றியே பேசினேன். என் செருப்பு அதுதான். ஆறாவது வாரம், இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக அந்த வியாழக்கிழமையைச் சொல்ல வந்தேன். ஒரு செய்தி அறிக்கை மாதிரிதான் வந்தது. அவர் நிறுத்தி, "அப்பாவிடம் எந்த மொழியில் பேசினீர்களோ, அதிலேயே சொல்லுங்கள். எனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை" என்றார்.

"அப்புறம் பேசறேம்பா" என்றேன்.

"அதற்கு என்ன அர்த்தம்?"

இருபது வருடமாக மொழிபெயர்க்கிறேன். பட்ஜெட் உரைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் செய்திருக்கிறேன். இந்த இரண்டு சொற்களை என்னால் செய்ய முடியவில்லை. 'பிறகு பேசுகிறேன்' என்பது எந்த மொழியிலும் கிடைக்கும். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் 'பா'வை என்ன செய்வது? வினைச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஓர் எழுத்தில் அல்லவா என் அப்பா இருக்கிறார்? மீதி நேரம் முழுவதும் அழுதேன். அவர் எதுவும் சொல்லவில்லை. மேசை மேல் இருந்த தண்ணீரை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பேச்சு சிகிச்சையின் பிறப்பிலேயே இப்படி ஒரு மொழிச் சிக்கல் இருந்திருக்கிறது என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. 1880இலிருந்து 1882 வரை வியன்னாவில் யோசெப் பிராயர் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். படுக்கையில் கிடந்த தந்தைக்குப் பணிவிடை செய்யும்போது நோயில் விழுந்தவர் அவர். இடையில் தாய்மொழியான ஜெர்மன் அவரை விட்டுப் போய்விட்டது. ஆங்கிலம் மட்டுமே பேச வந்தது. மருத்துவரிடம் பேசப் பேசப் பாரம் குறைவதைக் கண்டு, அதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தவர் அந்த நோயாளிதான், மருத்துவர் அல்ல. அதையும் ஆங்கிலத்தில்தான் வைத்தார். வேடிக்கையாகப் 'புகைபோக்கியைச் சுத்தம் செய்வது' என்றும் சொல்வாராம். தமிழில் 'ஒட்டடை அடிப்பது' என்று சொல்லலாம். அதோடு முழுக் குணம் கிடைத்துவிடவில்லை. பிறகும் அவர் சிகிச்சை இல்லங்களில் இருக்க நேர்ந்தது. ஆனால் அந்தப் பெண், பெர்த்தா பாப்பன்ஹைம், பின்னாளில் யூதப் பெண்களுக்கான பெரிய அமைப்பை நிறுவிச் சமூகப் பணியில் பெயர் பெற்றார்.

இது வெளிநாட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிடவும் முடியாது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். பிராய்டும் அவரும் பல வருடம் கடிதம் எழுதிக்கொண்டார்கள், சந்தித்ததே இல்லை. நூறு வருடத்துக்கு மேலாகியும் அது மாநகரங்களின் சில தெருக்களைத் தாண்டிப் பரவவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. நாம் பேசிவிட்டு வருவதற்காகப் போவதில்லை. யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று போகிறோம். ஜஸ்வந்த் சிங் நேக்கி என்ற மனநல மருத்துவர், பஞ்சாபிக் கவிதைக்காகச் சாகித்ய அகாதமி பரிசும் பெற்றவர், 1973இல் இதைப் பற்றி எழுதினார். குரு–சிஷ்ய உறவு இங்கே சிகிச்சைக்கு ஒரு மாதிரியாக இருக்க முடியுமா என்பது அவர் ஆராய்ந்த விஷயம். நானும் கேட்டேன்: "அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா?" அவர் பதில் சொல்லவில்லை. "சொன்னால் யாருக்காகச் சொல்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். அன்றைக்கு 1,500 ரூபாய் வீண் என்று தோன்றியது. ஆட்டோவில் வீடு திரும்பும்போதுதான் அந்தக் கேள்வி வேலை செய்ய ஆரம்பித்தது.

1,500 ரூபாய் என்று எழுதும்போது வெட்கமாகவும் இருக்கிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் சொல்ல முடியாத விஷயங்கள் இருக்கும். அவர் எங்கே போவார்? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருந்தது. சிக்கலின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு 'டெலி மானஸ்' என்ற இலவசத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416, தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்திருக்கின்றன. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஒரு கவுன்சலராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தகுதி என்ற சொல்லுக்கு அடிக்கோடிட வேண்டும். மூன்று மாதச் சான்றிதழோடு பலகை மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள் என்று முதல் நாளே கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அம்மா 2023இல் போய்விட்டாள். கடைசிவரை நான் சொல்லவில்லை. அது சரியா தவறா என்று இன்றும் எனக்குத் தெரியாது. என் கவுன்சலரும் தீர்ப்பு வழங்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் என் கழுத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றை, அதனால் எந்த லாப நஷ்டமும் இல்லாத ஒருவர் முன்னால் ஒரு முறை இறக்கிவைக்க முடிந்தது. அதற்குப் பிறகுதான் அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடிந்தது. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். கழுத்து வலி முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கிழமை பார்த்து வருவதில்லை.

இந்தப் பத்தியைத் தம்பி படிப்பான். அதுவும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அந்த அரசியல்வாதியின் பேட்டி இன்று என் மேசைக்கு வந்தால் கீழ்ப்பாக்கம் என்று போட மாட்டேன். ஆக்ரா என்றே விட்டுவிடுவேன். தாஜ்மகால் பார்க்கத்தான் அனுப்புகிறார் என்று வாசகர் நினைத்தால், நினைத்துக்கொள்ளட்டும்.